இறங்கும் முன் கரையில் கேளுங்கள்: குமரிக் கடலுக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் வீடு இருப்பவனுக்கு ஒரு தலைவிதி உண்டு. பள்ளிக்கூடம் அடைத்ததும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் போடுவார்கள். "கன்னியாகுமரி ஏற்கெனவே பார்த்தாச்சு. கூட்டமில்லாத பீச் ஒண்ணு சொல்லேன்." நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். எந்த மாதம் வருகிறீர்கள்? சின்னப் பிள்ளைகள் உண்டா? குளிக்கவா, பார்க்கவா? மூன்றாவது கேள்விக்கு "சும்மா காலை நனைக்கத்தான்" என்று பதில் வந்தால் எனக்கு வயிற்றில் புளி கரையும். இந்தக் கடல் கொண்டுபோனவர்களில் சும்மா காலை நனைக்கப் போனவர்கள் நிறைய.

ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுதிவைக்கிறேன். வருகிறவர் என்னென்ன வரிசையில் யோசிக்க வேண்டுமோ அதே வரிசையில்.

முதலில் ஊரின் கிடப்பு. மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி, மேற்கே கேரள எல்லையில் நீரோடியில் முடிகிறது. சுமார் 70 கிலோமீட்டர். அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். ஒன்றின் கோயில் மணி அடுத்த ஊருக்குக் கேட்கும். ஆகவே ஆளில்லாத கரை என்று இங்கே அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சுற்றுலாப் பேருந்து வராத கரைகள் உண்டு, அவ்வளவுதான். அங்கேயும் யாரோ வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். அது நமக்கு நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மாதத்தைப் பாருங்கள்

ஆனி, ஆடியில் இங்கே கச்சான் காற்று. மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்றுக்கு மேற்குக் கரை முழுக்கக் கொந்தளிக்கும். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் கடலில் இறங்குவதை மறந்துவிடுங்கள். தூர நின்று பார்க்க அழகான பருவம்தான், சாரலும் நனைந்த பாறையுமாக. ஆனால் அப்போது கடல் கரை மணலைத் தின்றுவிடும். காற்று மாறி, கடல் அடங்கிய பிறகுதான் அந்த மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும். ஜனவரியில் யாரோ எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஜூலையில் வந்தால், படத்திலிருந்த பீச் இருக்காது. அந்த இடத்தில் கருங்கல் சுவர்மீது அலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் காற்றும் மழையும். புயல் பயமும் அப்போதுதான். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி இந்த மாவட்டத்தைக் கடந்தபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று மேற்குக் கரை ஊர்களில் யாரிடமும் அந்தப் பேச்சை வேடிக்கையாக எடுக்காதீர்கள்.

மார்கழி பிற்பகுதியிலிருந்து மாசி வரை, அதாவது டிசம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை, வருவதற்கு நல்ல காலம். வெயில் பொறுக்கும், மணல் இருக்கும், கடலும் ஓரளவு அடங்கியிருக்கும்.

ஏமாற்றுகிற மாதங்கள் ஏப்ரலும் மேயும். வானம் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும். காற்றே இருக்காது. அப்போதுதான் கள்ளக்கடல் வரும். பெயரே விஷயத்தைச் சொல்கிறது, திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசிய புயலில் கிளம்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறுகிறது. இங்கே உள்ள காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த அலைகளுக்கு இடைவெளி அதிகம், 15 நொடிக்கும் மேல். சில நிமிடம் கடல் சாதுவாகக் கிடக்கும். பிறகு நாலைந்து பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அதுவரை காய்ந்து கிடந்த மணல்வரை ஏறித் திரும்பும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இப்படியொரு நேரத்தில்தான். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சொல்லே புதிது.

அதனால் கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒரு வேலை செய்யுங்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் ஒவ்வொரு மாவட்டக் கரைக்கும் அலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் கன்னியாகுமரியைத் தேடிப் பாருங்கள். உள்ளூர்ச் செய்தித்தாளிலும் வரும். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் பத்மநாபபுரம் அரண்மனையோ திற்பரப்பு அருவியோ போய்விட்டு வாருங்கள். கடல் அடுத்த நாளும் இருக்கும்.

மீன் சாப்பிடவே வருகிறவர்களுக்கு ஒரு துணுக்கு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு. சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடைக்காலத்தில் நாட்டுப் படகுகளும் கட்டுமரங்களும்தான் மீன் கொண்டுவரும். விலை கையைக் கடிக்கும்.

தங்குவதும் போவதும்

கன்னியாகுமரியில் அறை எடுக்காமல் நாகர்கோவிலில் எடுத்தால் எல்லாக் கரைக்கும் நடுவில் இருப்பீர்கள். இரண்டுக்கும் இடையே 20 கிலோமீட்டர். வெளியூர்ப் பேருந்துகள் வடசேரியில் நிற்கும், கடற்கரை ஊர்களுக்கான டவுன் பஸ் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும். பெயர்க் குழப்பம் ஒன்று: கோவளம் என்று சென்னைக்குப் பக்கத்தில் ஒன்று, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, கன்னியாகுமரிக்கு மேற்கே ஒட்டினாற்போல ஒன்று. போனில் வழி போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கேரளாவில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

முதல் நாள் கன்னியாகுமரி

இதை வேகமாக முடித்துவிடலாம். விடியற்காலை சூரியனைப் பாருங்கள். படகில் பாறைக்குப் போங்கள். விவேகானந்தர் மண்டபம் 1970-இல் வந்தது, 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டது, இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 கடைசியில் திறந்தார்கள். கடல் சீற்றம் இருந்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். அன்று டிக்கெட் வரிசையில் நின்று சண்டை போடாதீர்கள். படகு நின்ற நாள் என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த கடல் அறிக்கை. படகே போகாத தண்ணீரில் நீங்களும் இறங்க வேண்டாம்.

முக்கடல் சங்கமத்தில் படித்துறையில் குளிக்கலாம், பாறைகளுக்கு அப்பால் போகாமல். அவ்வளவுதான்.

கரையைப் படிக்க ஒரு கால் மணி நேரம்

இந்தப் பகுதியை மட்டும் பொறுமையாக வாசியுங்கள். மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

எந்தக் கரைக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும் முன் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து கடலைப் பாருங்கள். மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது? நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமே ஈரமாக இருந்தால், சற்று முன் ஓர் அலை அங்கே வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். பாறைக்கும் இதே கணக்கு. காய்ந்து வெளுத்த பாறையில் நிற்கலாம். கறுத்து நனைந்த பாறை அலையின் சொத்து.

அடுத்து அலை எங்கே உடைகிறது என்று பாருங்கள். தூரத்தில் உடைந்து, நுரையாகத் தவழ்ந்து வந்தால் கரை சரிவு குறைவு. கரையை ஒட்டியே மடிந்து 'தொப்'பென்று விழுந்தால் அங்கே மணல் செங்குத்தாக இறங்குகிறது. இரண்டு எட்டு வைத்தால் கழுத்தளவு. விழுந்த அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். நின்ற இடமே கீழே போவது மாதிரி இருக்கும், எழுந்திருப்பதற்குள் அடுத்தது தலைமேல். நம் மேற்குக் கரையில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய. முழங்கால் தண்ணீரில் நின்றவரை இழுத்தது என்று செய்தியில் வாசிக்கும்போது பலருக்கு நம்ப முடியாமல் இருப்பது இதனால்தான்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியம். கரை நெடுக அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலையே இல்லாமல், தண்ணீர் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தெரியும். புதியவர்கள் நேராக அங்கேதான் போவார்கள், பிள்ளைகளுக்கு நல்ல இடம் என்று. அலைகள் கரையில் கொட்டிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்ப ஒரு வழி வேண்டுமல்லவா? அந்த வழி அதுதான். மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால். ஆற்று வெள்ளம் மாதிரி வெளிநோக்கி ஓடும். கற்களைக் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இதே இழுப்பு உண்டு. அந்தக் கல் சுவர் பாதுகாப்பு என்று நினைத்து அதன் பக்கத்தில் குளிப்பவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் உண்டு.

தெக்குறிச்சியில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து வந்த என் சித்தப்பா மகன், நீச்சல்குளத்தில் நாற்பது சுற்று அடிப்பவன், சட்டையைக் கழற்றிக்கொண்டு அப்படியொரு அமைதியான இடத்தைப் பார்த்து நடந்தான். காற்றாடி (சவுக்கு) மரத்து நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கிச் சத்தம் போட்டார்.

"லேய் மக்கா, அங்கோட்டு எறங்காத! வேற எங்கயும் எறங்கு, அங்க வேண்டாம்."

"தண்ணி அமைதியாத்தானே இருக்கு, தாத்தா?"

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து வந்து, காலடியில் கிடந்த தேங்காய்த் தொண்டு ஒன்றை, அதாவது உரித்த நார் மட்டையை, எடுத்து அந்த இடத்தில் வீசினார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அது கரைக்கு வரவில்லை. யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல நேராகக் கடலுக்குள் போயிற்று. ஒரு பீடி பற்றவைத்து முடிக்கும் நேரத்தில் அலை உடையும் கோட்டுக்கு அப்பால் அது ஒரு புள்ளி.

"நீவாடு அப்பிடி," என்றார் பெரியவர். திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டார். நீவாடு என்றால் கடலுக்குள் ஓடும் நீரோட்டம்.

அன்று முழுக்க அவன் முழங்காலைத் தாண்டவில்லை. நானும் அதற்குப் பிறகு எந்தக் கரைக்குப் போனாலும் ஒரு தேங்காய்த் தொண்டோ காய்ந்த மட்டையோ வீசிப் பார்க்காமல் யாரையும் இறங்கவிடுவதில்லை. காசில்லாத கருவி. பிளாஸ்டிக் பாட்டிலை வீசாதீர்கள், அதைக் காற்றும் தள்ளும், குப்பையும் ஆகும்.

நான்காவது, பொழி. ஆறு கடலில் சேரும் இடத்தைப் பொழிமுகம் என்போம். கோடையில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ளும், மழையில் தானாக உடையும் அல்லது ஊரார் வெட்டிவிடுவார்கள். அடைந்து கிடக்கும்போது இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் கடல், நடுவில் நடக்க மணல்பாதை. பார்க்கச் சொர்க்கம். திறந்திருக்கும்போது அதே இடத்தில் ஆறும் கடலும் மோதும். இடுப்பளவுதானே என்று குறுக்கே கடக்கிறவரைத் தண்ணீர் பக்கவாட்டில் கொண்டுபோய்விடும். மணல் கரையும் காலடியில் இடியும். மணக்குடியில் பழையாறு, கடியபட்டணத்தில் வள்ளியாறு, தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி. மூன்று இடத்திலும் பொழியைப் பார்க்கலாம், கடக்க வேண்டாம்.

கேட்கத் தெரிய வேண்டும்

இங்கேதான் வலை பின்னுகிறவர்கள் நமக்குத் தேவைப்படுகிறார்கள். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "இங்கே ஆழமா?" என்று கேட்டால் "இல்ல மக்களே" என்றுதான் பதில் வரும். பத்து வயதில் கட்டுமரம் ஏறியவருக்கு எது ஆழம்? "உங்க பேரப்பிள்ளைய இன்னைக்கு இந்த இடத்துல இறக்கி விடுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். "இன்னைக்கு வேண்டாம், அந்தக் கல்லுக்கு வடக்கே போங்க" என்று துல்லியமாக வரும். நேற்று வரை நன்றாக இருந்த இடம் இன்று ஆகாது. மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வழிகாட்டிப் பலகையால் அதைச் சொல்ல முடியாது, காலையில் அந்த வழியே வள்ளம் இறக்கியவரால் முடியும்.

வயதானவரை அண்ணாச்சி, பாட்டா என்று கூப்பிடலாம். பெண்களை அக்கா, மாமி. "ஹலோ பாஸ்" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள்.

எங்கே போகலாம்: கிழக்கிலிருந்து மேற்காக

வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். 1741 ஆகஸ்ட் 10 குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. அதில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி இந்தக் கோட்டையைப் பலப்படுத்தினார். கோட்டை மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் வால். குடும்பத்தோடு வர நல்ல இடம். ஆனால் காற்று! ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று இங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பிள்ளைகளின் காற்றடைத்த டியூபும் பந்தும் கடலுக்குள் ஓடிவிடும். பந்தைத் துரத்திக்கொண்டு பிள்ளை ஓடும். டியூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மணக்குடி. எனக்குப் பிடித்த இடம் இதுதான், குளிப்பதற்கு அல்ல. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே பழையாறு கடலைத் தொடுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி இங்கிருந்த பாலத்தையே பெயர்த்துப் போட்டது. அதற்குப் பிறகு கட்டிய பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கண்டல் செடிகள், பின்னால் உப்பளம், மறுபக்கம் பொழி. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இறங்கும். பக்கத்தில் சுசீந்திரம், தேரூர் குளங்களும் உண்டு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. காலை ஏழு மணிக்கு முன்னால் போய், ஒரு பைனாகுலரோடு பாலத்தோரம் நில்லுங்கள். வண்டிக்கு வழி விட்டு.

சொத்தவிளை, சங்குத்துறை இரண்டும் நாகர்கோவில்காரர்களின் மாலைக் கரைகள். சொத்தவிளை நீளமான மணல், சரிவு குறைவு. வார நாள் காலையில் போனால் ஏறக்குறைய உங்களுக்கு மட்டும்தான். பிள்ளைகளை முதல்முறை கடலுக்குக் கூட்டிப்போக இந்த மாவட்டத்தில் நான் சொல்வது இதைத்தான், அதுவும் முழங்கால் அளவுக்கு. ஞாயிறு மாலை வேண்டாம், சுண்டல் வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

தெக்குறிச்சி. இராஜாக்கமங்கலம் பக்கம். காற்றாடி மரத்தோப்பு, அப்பால் வெறும் மணல். படம் வரைகிறவர்களும் புத்தகம் வாசிக்கிறவர்களும் போகலாம். தனியாகப் போகும் பெண்கள் துணையோடு போவது நல்லது, தோப்புக்குள் சில நேரம் குடிகாரர்கள் இருப்பார்கள். தோப்பைத் தாண்டினால் இராவணன் மீசைப் புல், குத்தினால் ஊசி மாதிரி இறங்கும். தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமை முட்டையிட வரும் பருவம். வெளிச்சம் அடித்துக்கொண்டு கரையில் சுற்றாதீர்கள்.

லெமூர். படங்களில் அழகாக இருக்கும், அழகுதான். கரையோரமாக நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இறங்கலாமா என்று என்னிடம் கேட்டால் எந்த மாதத்திலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முட்டம். நாகர்கோவிலிலிருந்து அரை மணி, முக்கால் மணிப் பயணம். எண்பதுகளின் தமிழ் சினிமா இந்தப் பாறைகளைத் தமிழ்நாடு முழுக்கக் காட்டிவிட்டது. செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கீழே பாறைக்கூட்டம். சூரியன் மறைவது இங்கே பார்ப்பதுபோல வேறெங்கும் இல்லை என்பது என் கட்சி. கன்னியாகுமரிக்காரர்கள் சண்டைக்கு வரட்டும். பாறையில் இறங்கும்போது பச்சைப் பாசி இருக்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். நாலு அலை தொடாத பாறையை ஐந்தாவது அலை தொடும். அப்படியே மேற்கே நடந்தால் கடியபட்டணம். அங்கே மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் சிப்பி எடுக்கிறவர்களைப் பார்க்கலாம். அவர்கள் இறங்குவதைப் பார்த்து நாமும் இறங்கக் கூடாது.

மணவாளக்குறிச்சியில் மணல் கறுப்பு. இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள், மத்திய அரசின் அரிய மணல் ஆலை ஒன்றும் அங்கே உண்டு. மதிய வெயிலில் அந்தக் கறுப்பு மணலில் வெறுங்காலோடு நடந்தால் தோசைக்கல். அடுத்தது மண்டைக்காடு, பகவதி கோயில். மாசிக் கொடை நாட்களில் அமைதியைத் தேடி அங்கே போகாதீர்கள்.

குளச்சலில் போர் நினைவுத் தூண் பார்க்கலாம். காலையில் மீன் ஏலம் நடக்கும்போது ஓரமாக நின்று கேட்டால் அது தனி சங்கீதம்.

தேங்காப்பட்டணம் ஒருபக்கம் ஆறு, ஒருபக்கம் கடல், தென்னந்தோப்பு. ஆற்றோரம் நடக்கலாம். துறைமுக முகத்துவாரத்தில் அனுபவமுள்ள மீனவர்களே படகு கவிழ்ந்து உயிர்விட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் விளையாட்டுக்கும் போக வேண்டாம். அதற்கு மேற்கே நீரோடி வரை பெரும்பாலும் அலைத்தடுப்புச் சுவர்தான். வீட்டை ஒட்டிக் கடல். சுற்றிப் பார்க்கிற இடமல்ல, மனிதர்கள் கடலோடு மல்லுக்கட்டுகிற இடம்.

கரை ஒரு பணியிடம்

காய்கிற வலைமேல் நடக்காதீர்கள், தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். வள்ளம் இறங்கும் வழியில் விரிப்பு போட்டு உட்காராதீர்கள். அது வரும்போது பிரேக் பிடிக்காது. கரைமடி வலையைக் கரையிலிருந்து இழுக்கும்போது கயிற்றில் கை வைக்க ஆசை வரும். கேட்டுவிட்டு வையுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இடம் கொடுப்பார்கள். அவர்கள் ஒதுக்கிப் போட்டதில் பேத்தை மீனும் கடல்பாம்பும் கிடக்கலாம், பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். மேற்குக் கரை ஊர்களில் ஞாயிறு காலை தேவாலயங்களில் பூசை நேரம். கோயில் முன்னால் ஈர உடையோடு பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற வேலை வேண்டாம்.

பையும் உடம்பும்

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், தொப்பி, வார் செருப்பு, மாற்றுடை, சின்ன டார்ச், பத்து மீட்டர் கயிறு. கயிறு எதற்கு என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதினொன்று முதல் மூன்று வரை வெயிலில் நிற்காதீர்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்காதீர்கள், இதற்கு விளக்கம் தேவையில்லை.

சொறி, அதாவது இழுதுமீன், பட்டால் எரியும். மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை ஒரு குச்சியால் எடுங்கள். திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும், பிறகு ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறல், முகம் வீங்குவது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இழுத்துவிட்டால்

இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் அதில் களைத்துத்தான் போவார். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள். அந்த வாய்க்கால் அகலம் குறைவானது. இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரை சேருங்கள்.

கரையில் நிற்பவர் நீங்களென்றால் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போன செய்தி ஆண்டுதோறும் வருகிறது. கயிறு, மூடிய காலி கேன், பெரிய பாட்டில், எது மிதக்குமோ அதை வீசுங்கள். சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள். ஆள் எங்கே தெரிகிறார் என்று ஒருவர் கண்ணை எடுக்காமல் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும்.

தூக்கிவந்தவரைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு, நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊதி, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். தேறி எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. இந்த எண்களைப் போனில் சேமித்துக்கொண்டு கிளம்புங்கள், கரையில் சில இடங்களில் நெட் கிடைக்காது.

கடல் வழக்கத்துக்கு மாறாக வெகுதூரம் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004-ஐப் பார்த்த எந்த ஊரிலும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்குத்தான்.

சாப்பாடும் கடைசிப் பஸ்ஸும்

குளித்து முடித்த பசிக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். வழியில் கருக்கு என்று கேட்டால் இளநீர் வெட்டித் தருவார்கள். பனை சீசன் என்றால் அக்கானி (பதநீர்) கிடைக்குமா என்று விசாரியுங்கள். திரும்பும்போது ஒரு சீப்பு மட்டிப் பழம் வாங்கிக்கொள்ளுங்கள், ஊருக்குப் போய்ச் சேரும்வரை தாங்கும் காயாகப் பார்த்து.

கரையோர ஊருக்குப் பஸ்ஸில் போனால், இறங்கும்போதே கண்டக்டரிடம் "கடைசி வண்டி எப்போ?" என்று கேட்டுவிடுங்கள். கூகுள் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். சூரியன் மறைந்த அழகில் மயங்கி முட்டத்தில் கடைசிப் பஸ்ஸை விட்ட இரண்டு பேரை இரவில் பைக்கில் போய் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். ஒருவர் என் மச்சினன், ஒருவர் அவருடைய மேலாளர். வழியில் மழை வேறு.